டீச்சர் வீட்டு நாற்காலிகள்

புதிதாகப் பெயிண்ட் அடித்த இரும்பு நாற்காலியில் நான் இன்றைக்கும் சட்டென்று உட்காருவதில்லை. முதலில் ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பேன். முதுகு சாய்க்கும் இடத்தை அல்ல, உட்காரும் இடத்தை. யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம். பார்ப்பவர்கள் தூசி இருக்கிறதா என்று சோதிக்கிறோம் என நினைத்து முகம் சுளிப்பதுண்டு.

இந்தப் பழக்கம் எங்களுக்கு வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுநடுவே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். எங்கள் அத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு அப்படித்தான் வரும், அடக்கிப் பார்த்தும் முடிந்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத் தெருக்களுக்குப் பின்னால், கிள்ளியாற்றுப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. ஒரு அறை, ஒரு அடுக்களை, முன்னால் பத்தடிக்குப் பத்தடி சிமென்ட் வாசல். அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் மேஸ்திரியாக உயர்ந்தவர். அந்த உயர்வை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை. அப்பாவின் தங்கைதான் அத்தை. இருபத்து நாலு வயது. எங்களோடு இருந்துகொண்டு அப்பாவுடனேயே வேலைக்குப் போய்வந்தாள்.

பெயிண்ட் வேலையில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. உப்புத்தாள் பெண்கள் கையில், பிரஷ் ஆண்கள் கையில். பழைய சுவரையும் ஜன்னல் கம்பியையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியை எல்லாம் மூக்கில் ஏற்றிக்கொண்டு வழவழப்பாக்கித் தருவது பெண்கள். அதன்மேல் மேலும் கீழுமாகப் பிரஷ்ஷை ஓட்டிவிட்டு 'என் வேலை எப்படி' என்று தள்ளி நின்று பார்ப்பது ஆண்கள். அத்தை நாலு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ் கேட்டால், ஏணியில் நிற்கத் தெரியாது, கை நடுங்கும், சேலை தடுக்கும் என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் வரும். காரணம் சொல்பவர் பெரும்பாலும் அப்பாதான்.

அந்த வருஷம் அப்பா சாஸ்தமங்கலத்தில் ஒரு டீச்சர் வீட்டில் வேலை எடுத்திருந்தார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார நிழல் தேடிப் போன அத்தை, தோட்டத்தின் மூலையில் பலாமரத்தடியில் சருகுக்குள் எதுவோ இடறிக் கீழே பார்த்திருக்கிறாள். நாலு இரும்பு நாற்காலி, ஒரு வட்ட மேசை. ஒரு காலத்தில் புல்தரையில் போட்டு உட்கார்ந்தவை. துரு ஏறி, பறவை எச்சமும் பலாப்பிசினும் படிந்து, நாற்காலி என்றே தெரியாத நிலையில் கிடந்தன. ஆக்ரிக்காரரிடம், அதாவது பழைய இரும்பு எடுப்பவரிடம், டீச்சர் சொல்லி வைத்தாயிற்று. அவர் மறுநாள் வர வேண்டும்.

அத்தை சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கையிலிருந்த உப்புத்தாளால் ஒரு நாற்காலியின் முதுகைத் தேய்த்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு திராட்சை இலை வந்தது. இன்னும் தேய்த்தால் கொடி, கொடியிலிருந்து ஒரு குலை. அப்படியே எழுந்து போய் டீச்சரிடம், தனக்குத் தெரிந்த மலையாளத்தையும் தமிழையும் ஒன்றாகக் குழைத்து, "டீச்சரே, இதை ஆக்ரிக்குக் கொடுக்கண்டா. நான் சரியாக்கித் தராம்" என்று சொன்னாளாம்.

டீச்சர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். அடுத்த மாதம் தன்னிடம் படித்தவர்கள் பத்துப் பேர் வீட்டுக்கு வருகிறார்கள், அதற்குள் உட்காரும்படி ஆனால் வைத்துக்கொள்ளலாம், ஆகாவிட்டால் ஆக்ரிக்காரனுக்குத்தான் என்றார். நன்றாக வந்தால் அந்தப் பத்துப் பேர் வீட்டிலும் இந்த மாதிரி துருப்பிடித்த சாமான் இருக்கும், நானே சொல்கிறேன் என்றும் சொன்னார். அத்தைக்கு இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். அன்று சாயந்திரமே பெட்டி ஆட்டோவில் நாற்காலிகளோடு அவளும் ஏறி வந்து எங்கள் வாசலில் இறங்கினாள்.

அப்பா சிரித்தார். துருவைத் தட்டினால் நாற்காலியே மிஞ்சாது என்றார். வேலை கெடாமல், சாயந்திரமும் ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்று பெரிய மனதோடு அனுமதியும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்தாள். வாசல் முழுக்கச் செம்பொடி. பிறகு வீட்டிலுள்ள பல் தேய்க்கும் பிரஷ்களுக்கு ஆபத்து வந்தது. இலைகளின் இடுக்கில் வேறெதுவும் போகாது என்று பழசையெல்லாம் எடுத்துக்கொண்டாள். பழசு தீர்ந்ததும் என்னுடையதும் போயிற்று, ஒரு வாரம் நான் விரலால் பல் தேய்த்தேன். இலை நரம்புக்குள் இருந்த அழுக்கைத் தலையில் குத்தும் ஊசியால் எடுத்தாள். அடுக்கடுக்காகப் பழைய பெயிண்ட் உரிந்து வந்தது. மேலே வெள்ளை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே சந்தன நிறம். யார் யாரோ அதற்கு முன் அடித்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் உரித்து, இரும்பைச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து, துரு திரும்ப ஏறாமல் ரெட் ஆக்சைடு பூசினாள். அப்போது நாற்காலிகள் நாலும் செங்கல் நிறத்தில் வாசலில் நின்றன. அவள் கையும் அதே நிறத்தில் இருந்தது.

சந்தில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நான் வாசலில் நின்றுகொண்டு, யார் பார்க்கலாம், யார் தொடலாம் என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் எங்கள் வீட்டில் தோட்டத்து நாற்காலி இருக்கிறது என்று மலையாளத்தில் அளந்தேன். தோட்டம் எங்கே என்று அவள் கேட்டாள். நாற்காலி முதலில் வந்திருக்கிறது, தோட்டம் பிறகு வரும் என்றேன்.

நிறம் டீச்சர் சொன்னதுதான், பாட்டில் பச்சை. முதல் பூச்சு அத்தையே அடித்தாள். அவள் பிரஷ் பிடித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். கை நடுங்கவில்லை. கொடியின் வளைவில் பிரஷ் போன விதத்தை அப்பாவும் அடுக்களை வாசலில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு என்று அம்மா சொன்னாள்.

இதற்கு நடுவில்தான் தரகர் வந்தார். வள்ளியூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை, நல்ல குடும்பம், பெண்ணைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்கூட்டியே ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பியிருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் பெண் வேலை வெட்டிக்குப் போகக் கூடாது, பெயிண்ட் வாசனையே வீட்டுக்குள் வரக் கூடாது. அப்பா யோசிக்கவே இல்லை, எல்லாவற்றுக்கும் சரி என்றார். அத்தை அம்மாவிடம் அடுக்களையில் வேண்டாம் என்றாள், அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். எல்லாப் பெண்ணும் முதலில் அப்படித்தான் சொல்லும் என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு இந்த இடம் குதிர்ந்தால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு தேங்காயும் வாங்கி வைத்துவிட்டார். பிள்ளையார் பின்வாங்கிவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை.

வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடும்போது அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு முக்காலியும் இரண்டு பாயும்தான். வருகிறவர்களை அந்த நாற்காலிகளில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? வாசலில் மேசையைப் போட்டு, சுற்றி நாலையும் போட்டு, காபி கொடுத்தால்? அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அது டீச்சருக்க நாற்காலிலா? நாளைக்குத்தான் கடைசிப் பூச்சு அடிக்கணும், காயாது அண்ணேன்" என்றாள் அத்தை. இருபது வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு நீ காய்கிற கணக்கு சொல்கிறாயா என்று அப்பா கேட்டார். அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இனி என் பங்கு வருகிறது.

சனிக்கிழமை காலை அத்தை கிணற்றடிக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நான் பெயிண்ட் கலக்கிக் காட்டப் போனேன். டப்பாவைத் திறக்க முடியவில்லை. பெயிண்டை இளக்கும் டர்பன்டைன் இருந்த குப்பியை மட்டும் திறந்தேன், அது கை வழுக்கிச் சாய்ந்து முக்கால்வாசி வாசல் சிமென்ட்டில் ஓடிவிட்டது. அந்தப் பெண் ஒரே ஓட்டமாக ஓடினாள். எனக்கு ஓட வேறு வீடு இல்லை. அடுக்களைக்குப் போய் ரேஷன் மண்ணெண்ணெய் டின்னிலிருந்து அளவாக ஊற்றிக் குப்பியைப் பழைய மட்டத்துக்கு நிரப்பினேன். ரேஷன் மண்ணெண்ணெய் இலேசாக நீலமாக இருக்கும். ஆனால் குப்பி பழுப்பு நிறம், வெளியே தெரியாது. தெரியாது என்பதை வெயிலில் பிடித்துப் பார்த்து உறுதியும் செய்துகொண்டேன். ஒன்பது வயதுக்கு அது நல்ல மூளை என்று இப்போதும் நினைக்கிறேன்.

அத்தை வந்தாள். குப்பி மூடியைத் திறந்தாள். மூக்கைச் சுருக்கினாள். குப்பியைப் பார்த்தாள், வாசல் சிமென்ட்டில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவள் மூடியைத் திருகி மூடிவிட்டு, இது போதாது, சாலைக் கடைத்தெருவுக்கு ஓடிப் போய் இன்னொரு குப்பி டர்பன்டைன் வாங்கி வா என்றாள்.

தப்பித்துவிட்டேன் என்று சிறகு முளைத்து ஓடினேன். புதுக் குப்பியைக் கலந்து நாற்காலிக் கால், கை, முதுகு, மேசை எல்லாம் மெல்லிய பூச்சாக அடித்து முடித்தாள். உட்காரும் இடம் மட்டும் மிச்சம். அதற்குத் தனியாக ஒரு தகரக் குவளையில் பெயிண்டைக் கலந்தாள், பழைய குப்பியிலிருந்து. பழசையும் வீணாக்கக் கூடாது இல்லையா என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கொஞ்சம் கனமாகவே அடித்தாள். எவ்வளவு சிக்கனமான அத்தை என்று நினைத்துக்கொண்டேன். என் குப்பி சந்தேகத்துக்கே இடமில்லாமல் உபயோகமாகிவிட்டதில் எனக்கு ரகசியமாக ஒரு கர்வம்கூட வந்தது.

அன்று சாயந்திரம் அம்மா அத்தையின் கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், பச்சையும் செங்காவியும் போக வேண்டும் என்று அப்பா உத்தரவு. நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அத்தை தேய்க்கச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடிக்கொண்டு நின்றது, ஐப்பசி ஈரக்காற்று. அப்பா புது வேஷ்டியோடு வாசலுக்கு வந்து ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. பார்த்தாயா, கல் மாதிரிக் காய்ந்திருக்கிறது என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொன்னார். எதற்கும் ஒரு துண்டை விரித்துவிடலாமே என்று அம்மா கேட்டாள். துண்டை விரித்தால் திராட்சைக் குலை எப்படித் தெரியும் என்றார் அப்பா. உட்காரும் இடத்திலும் அதே கொடி வேலைப்பாடு, இரும்பில் புடைத்து நிற்கும்.

நாலு ஆண்கள், இரண்டு பெண்கள். பெண்கள் உள்ளே பாயில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, தாய்மாமன், தரகர் ஆகிய நால்வரும் வாசலில் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். தாய்மாமன் கைப்பிடியைத் தடவி, "நல்ல கனமான சாமானால்லா இருக்கு" என்றார். அப்பா அதை மறுக்கவில்லை. ஏதோ வெகுகாலமாகவே எங்கள் வீட்டில் கிடப்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். கதவு இடுக்கில் நின்ற எனக்கும் அப்போது நெஞ்சு நிமிர்ந்தது, பொய் சொல்வானேன். அந்தச் சந்தில் அதுவரை யார் வீட்டிலும் அப்படி நாலு பேர் வட்டமாக உட்கார்ந்ததில்லை.

அரை மணி நேரம் பேசினார்கள். பேசினார்கள் என்றால் தாய்மாமன் பேசினார். மாப்பிள்ளை கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பாவம். தாய்மாமன்தான், "பொண்ணு ஏணில ஏறுனது, சுவரத் தேச்சதெல்லாம் இன்னையோட போதும். எங்க வீட்டுல வந்து கையில தூசி படாம இருக்கலாம்" என்று ஏதோ வரம் கொடுப்பது போலச் சொன்னார். அப்பா தலையாட்டினார். உள்ளே காபித் தட்டை வைத்துக்கொண்டு நின்ற அத்தையின் முகத்தை நான் பார்த்தேன். அவள் காபி ஆறுகிறதே என்றுகூடக் கவலைப்படாமல் நின்றாள்.

பலகாரம் முடிந்து கை கழுவத் தாய்மாமன் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. ஒரு சாண் உயரம் அவரோடு வந்து, பிறகு மனம் மாறிப் பட்டென்று சத்தத்துடன் கீழே விழுந்தது. கூடவே வேஷ்டி பிரியும் ஓசை, பழைய பிளாஸ்திரியை உரித்த மாதிரி. அவர் திரும்பினார். வெள்ளை வேஷ்டியில் பாட்டில் பச்சையில் திராட்சைக் கொடி, இலைகள், ஒரு முழுக் குலை, நரம்புகூட விடாமல் பதிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பதறி எழுந்தார், அவருக்கும் ஒரு குலை. மாப்பிள்ளை எழுந்து தன் பின்பக்கத்தைப் பார்ப்பதற்காக இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். தரகர் அனுபவசாலி. எழுந்திருக்கவே இல்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"எந்தப் பயலப்பா இதுக்குப் பெயிண்ட் அடிச்சது?" என்று தாய்மாமன் கத்தினார். அப்பா வாயைத் திறந்து, கூலிக்கு ஒருத்தன் என்று ஆரம்பித்தார். அதற்குள் அத்தை காபித் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"பயல் இல்ல மாமா, நான்தான் அடிச்சேன். துரு எடுத்தது, தேச்சது, எல்லாம் நான்தான்." தட்டை மேசைமேல் வைத்தாள். "ஐப்பசிக் காத்து, காய இன்னும் ஒரு நாள் ஆவும்னு அண்ணேன்கிட்ட முந்தியே சொன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. நகக்கண்ணில் பச்சையோடு நிமிர்ந்து நின்றாள். மேசை நன்றாகக் காய்ந்திருந்தது, தட்டு ஒட்டவில்லை. வந்தவர்கள் காபி குடிக்காமலே, தோளில் கிடந்த துண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தில் இறங்கிப் போனார்கள். கடைசியாகத் தரகரை அப்பாவும் நானும் பிடித்து இழுத்து எடுத்தோம். அம்மா அடுக்களையில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எனக்கு அழ நிஜமான காரணம் இருந்தது. அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தது நான். மண்ணெண்ணெய் கலந்தால் பெயிண்ட் காயாது என்பது, அப்பா யாரையோ திட்டும்போது சொன்னது, அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் குற்றத்துக்கு அவள் பேச்சுக் கேட்கிறாள். அப்பா நாலு நாள் அவளோடு பேசவில்லை. சந்தில் எல்லோரும், ஒரு பூச்சைக்கூட ஒழுங்காகக் காயவைக்கத் தெரியாதவளுக்கு எதற்குப் பிரஷ் என்றார்கள். அவள் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. உட்காரும் இடங்களை மட்டும் துடைத்து எடுத்து, புதிதாக மெல்லிய பூச்சு இரண்டு கொடுத்து, வெயில் வரும்போதெல்லாம் நாற்காலிகளை அதன் பின்னால் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அதே பெட்டி ஆட்டோவில் டீச்சர் வீட்டுக்குப் போனோம். நானும் பின்னால் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். பலாமரத்தடியைப் பெருக்கி வட்டமாகப் போட்டோம். டீச்சர் வெளியே வந்தார். கரை போட்ட வெள்ளை முண்டும் நேரியதும், சலவை மடிப்புக்கூடக் கலையாதது. நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார், ஒரு இலையை விரலால் தடவினார். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் சாய்ந்துகொண்டார், தேநீர் வரவழைத்தார், மெதுவாகக் குடித்தார், அந்த நாற்காலி தன் கல்யாணமான வருஷம் வாங்கியது என்றார். நான் அவர் எழுந்திருக்கும் நேரத்துக்காகக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேயிருந்தேன். எழுந்தார். நான் பின்னால் ஓடிப் போய்ப் பார்த்தேன். வெள்ளை முண்டு வெள்ளையாகவே இருந்தது. "இது நீ தன்னே செய்ததாணோ?" என்று டீச்சர் கேட்டார். அத்தை, "அதே டீச்சரே, ஞான் தன்னே" என்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பழவங்காடியில் இறங்கி, அப்பா வாங்கி வைத்திருந்த தேங்காயைப் பையிலிருந்து எடுத்து உடைத்தாள். அது வேறு வேண்டுதலின் தேங்காய் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பிள்ளையாருக்குத் தெரியும் என்றாள்.

டீச்சர் சொன்ன பத்து வீட்டில் ஏழு வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஊஞ்சல், இரும்பு கேட், மாடி நாற்காலி. இன்றைக்குக் கரமனைப் பக்கத்தில் அத்தைக்குச் சொந்தமாக ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஆறு பெண்களின் கையிலும் பிரஷ் இருக்கிறது. உப்புத்தாளை எல்லோரும் முறை வைத்துப் பிடிக்கிறார்கள், ஆண்கள் உட்பட. உடைந்த நாற்காலிக் கால்களை ஒட்டவைக்க வந்த வெல்டரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். பெண் கேட்டு வந்த அன்று அந்த வெல்டர் மாமா எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை, நின்றுகொண்டே காபி குடித்தார். அப்பா இப்போது கொட்டகைக்கு வருகிறவர்களிடம் இது என் தங்கச்சி என்று தானே சொல்லிக்கொள்கிறார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவருக்கு இன்னும் தீரவில்லை. முதுகெல்லாம் கல் மாதிரிக் காய்ந்திருந்ததே, அது எப்படி என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். அத்தை தேநீரை ஆற்றிக்கொண்டிருப்பாள்.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். வந்தவர்கள் போய்விட்டார்கள், அப்பா எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார். அத்தை வாசலில் உட்கார்ந்து, பழந்துணியால் நாற்காலிகளின் பச்சையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் வேஷ்டி நூல் ஒட்டியிருந்தது. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து விம்மினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"எதுக்குட்டி அழுத? போதும், கண்ணத் தொடச்சுக்கோ" என்றாள். துணியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பழுப்புக் குப்பியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதுல பாதி மிச்சம் இருக்கு பாரு. கொண்டுபோய் அடுப்புல ஊத்து. உங்கம்மா நமக்கு நல்லதா ஒரு காப்பி போடட்டும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், டர்பன்டைன் குப்பியில் இருந்ததை ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் ஸ்டவ்வில் ஊற்றினேன். அம்மா பற்றவைத்தாள். திரிகளைச் சுற்றி நீலமாக, அழகாக எரிந்தது. வந்தவர்களுக்காக வாங்கி மிஞ்சிய பாலில் மூன்று டம்ளர் காபி ஆயிற்று. வாசலில் உட்கார்ந்து மூவரும் குடித்தோம். அத்தைக்கு எதுவுமே தெரியவில்லை என்ற நிம்மதியில் நான் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.